மிங்குன் அடங்கிய வருஷம்

குன்சான் துறைமுகத்துச் சந்தில் என் கருவாட்டுக் கடைக்கு எதிர்வீடு குவான் சாங்டே அண்ணனுடையது. படகு எஞ்சின் பழுது பார்த்து ஓய்ந்தவர். மனைவி போனபின் அவருக்கு எல்லாமே மகன் மிங்குன்தான். முப்பத்தாறு வயது, ஆட்டிசம், பேச்சு வராது. தினமும் காலையில் கலங்கரை விளக்கம்வரை விறுவிறுவென்று நடப்பான். யாராவது தடுத்தால் தன் காதிலேயே ஓங்கி அடித்துக்கொண்டு அலறுவான். சந்தே அதிரும்.

"எங்கயாவது விடுதியில சேத்துடுங்கண்ணே. நாங்க தூங்க வேணாமா?" என்று மாடிவீட்டு ஓ என்ற அம்மா கேட்காத வாரமில்லை.

ஆட்டிசப் பிள்ளைகளின் பெற்றோர் சங்கத்தில் யாரோ வைட்டமின் பி6 பற்றிச் சொன்னார்கள். அண்ணன் தபாலில் வரவழைத்து, பொடித்து, வாழைப்பழப் பாலில் கலந்து கொடுத்தார்.

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"இது என்ன மருந்தா தங்கச்சி? சத்து மாத்திரை. மிஞ்சினது மூத்திரத்தோட போயிடும்."

முதல் மாதம் பையன் கொஞ்சம் தூங்கினான். அது போதும் அவருக்கு. அளவை இரட்டித்தார், பிறகு இன்னும் கூட்டினார். இலையுதிர்காலத்தில் மிங்குன் நடப்பதை விட்டான். என் கடைவாசல் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பான். ஓ அம்மாவே ஒரு கூடை ஆரஞ்சு கொண்டுவந்தாள்.

"உங்க பிள்ளை மனுஷனாயிட்டான்ணே!"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

ஜனவரியில் குளிர் தாங்காது என்று நான்தான் அவன் காலடியில் மின்கணப்பு வைத்தேன். சற்று நேரத்தில் தோல் பொசுங்கும் நாற்றம். அவன் பாதம் கணப்போடு ஒட்டியிருந்தது. அவனோ ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தியது நான்தான்.

ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரம்மா ஊசியால் தொட்டுத்தொட்டுப் பார்த்தார். முழங்கால்வரை மரத்திருந்தது. தினம் எத்தனை மாத்திரை என்று கேட்டார். அண்ணன் சொன்னார்.

"ஐயா, இந்த வைட்டமின் அளவு மீறினா நரம்பைக் கெடுக்கும். முதல்ல எரியும், அப்புறம் மரத்துடும். காலுக்குக் கீழ தரை இருக்கறதே அவருக்குத் தெரியல. நடக்க பயந்துட்டார்."

"இல்லம்மா, அவன் அமைதியாத்தான்..." என்றார் அண்ணன்.

அன்றே மாத்திரையை நிறுத்தினார். வசந்தத்தில் காதில் அடிப்பது திரும்பி வந்தது. காலில் உணர்ச்சி பாதிதான் வந்தது. இப்போது அப்பாவின் கையைப் பிடித்து, காலை அகட்டி வைத்து, பாதி வழியில் இருக்கும் ஐஸ் ஃபேக்டரிவரை போய்த் திரும்புகிறான். ஒருநாள் அண்ணன் என் கடையில் நின்று சொன்னார்:

"எத்தனை மாசம் அவனுக்குக் காலு எரிஞ்சிருக்கும் தங்கச்சி? அவனால சொல்ல முடியல. நான் உக்காந்து ஆரஞ்சு உரிச்சுத் தின்னுட்டிருந்தேன்."

அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். நானும் போயிருந்தேன். படி இறங்கும்போது ஒல்லியான ஒரு பெண் பின்னால் ஓடிவந்தாள். அவள் மணிக்கட்டில் பல் பதிந்த காயம்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. என் பையனும் தூங்கறதே இல்ல. உங்க பையன் முதல் மாசம் தூங்கினான்னீங்களே... அப்ப எத்தனை கொடுத்தீங்க?"

அண்ணன் அந்தக் காயத்தையே பார்த்தார்.

"வேணாம்மா. முதல்ல டாக்டர்கிட்ட போவோம். நானும் கூட வரேன்."

"எல்லா டாக்டர்கிட்டயும் போயாச்சுண்ணே" என்றாள் அவள்.

அவர் படியில் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.