வேனில் வளர்ந்த தொடர்கதை

சேக்காட்டிலிருந்து எங்கள் கம்பெனி வேன் காலை ஏழு பத்துக்குக் கிளம்பும். ஆவடி, திருமுல்லைவாயல், அம்பத்தூர் ஓ.டி. என்று இரண்டு மூன்று பேராக ஏறி, தொழிற்பேட்டையான எஸ்டேட்டுக்குப் போய்ச் சேரும்போது பதினாலு பெண்கள் இருப்போம். எல்லோருக்கும் ஒரே ஏற்றுமதித் துணி கம்பெனியில் வேலை. நான் செக்கிங். தைத்து வந்த சட்டையில் விட்டுப்போன தையலையும் நூல் பிசிரையும் பார்த்து ஒதுக்குவேன். என் பக்கத்து சீட்டில் ரேணுகா. அவள் காலர் தைப்பவள். நான் சொல்லும் இந்தக் கதை 2011இல் நடந்தது. அவளுக்கு அப்போது நாற்பது வயது.

ரேணுகா பத்தாவதில் தமிழில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கியவள். டீச்சர் ஆக ஆசைப்பட்டாள். அப்பா திடீரென்று இறந்துவிட, பதினேழு வயதில் மெஷினில் உட்கார்ந்தாள். படிப்புதான் போயிற்றே தவிர, வாசிப்பை விடவில்லை. வாரா வாரம் ஒரு பத்திரிகை வாங்கி, அதில் வரும் தொடர்கதையை வேனில் எங்களுக்கு உரக்க வாசிப்பாள். மரகதம் என்ற பெண்ணின் குடும்பக் கதை. ஒரு அத்தியாயத்தை நாலைந்து நாளைக்கு இழுத்து வாசிப்பாள். டீசல் வண்டியின் இரைச்சலைத் தாண்டி அவள் குரல் கடைசி சீட் வரைக்கும் போகும்.

ஒரு திங்கட்கிழமை அவள் புது இதழைப் பிரித்ததும் முகம் வாடியது. எட்டிப் பார்த்தேன். எழுத்தாளருக்கு உடல்நலமில்லை, தொடர் இத்துடன் நிறுத்தப்படுகிறது என்று இரண்டு வரி போட்டிருந்தார்கள்.

"இன்னா ரேணு, படி! மரகதம் புருசன் வந்தானா இல்லியா?" என்று பின்னாலிருந்து பூங்காவனம் அக்கா குரல் கொடுத்தார். எங்களில் மூத்தவர் அவர்தான். எழுதப் படிக்கத் தெரியாது.

ரேணுகா ஒரு நிமிஷம் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். பிறகு பத்திரிகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "மரகதம் வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள்..." என்று ஆரம்பித்தாள். அவள் பிடித்திருந்த பக்கத்தில் பிரஷர் குக்கர் விளம்பரம்தான் இருந்தது. அவள் என் காலை மெதுவாக மிதித்தாள்.

முதல் வாரம் சமாளித்துவிட்டாள். இரண்டாவது வாரம் மரகதத்தின் கொடுமைக்கார மாமனாரை எப்படி ஒழிப்பது என்று தெரியாமல் பாம்பை விட்டுக் கடிக்க வைத்தாள். வேனில் யாருக்கும் அது பிடிக்கவில்லை.

"இன்னாடி இது? பாம்பு எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார் பூங்காவனம் அக்கா.

"தோட்டத்துலேர்ந்துக்கா."

"அந்த ஊட்ல தோட்டம் கீதுன்னு இத்தினி நாளு நீ சொல்லவே இல்லியே. பாம்பு வர்றதுன்னா அதுக்கு மின்னாடியே நீ பாம்புப் புத்தக் காட்டிருக்கணும். இல்லாங்காட்டி எவன் நம்புவான்?"

அன்று மதியம் ரேணுகா சரியாகச் சாப்பிடவில்லை. "அக்கா சொன்னதுல தப்பே இல்ல. நல்லா எழுதறவங்க எல்லாம் அதத்தான் செய்யிறாங்க. படிக்கிறப்ப நமக்குத் தெரியறதில்ல, அவ்ளோதான்" என்றாள். பாம்புக் கடியிலிருந்து மாமனாரைப் பிழைக்க வைத்தாள். அதிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில், துணிக்கட்டுகளில் செருகி வந்து வேண்டாமென்று போட்ட பண்டில் சீட்டுகளின் பின்பக்கத்தில் குறிப்பு எழுத ஆரம்பித்தாள். பின்னால் வரப்போவதற்கான விதையை முதலிலேயே, யாரும் கவனிக்காத இடத்தில் போட்டு வைப்பாள். பக்கத்து வீட்டுக்காரி அடிக்கடி கருவேப்பிலை கேட்டு வருவாள். புருஷன் நல்ல மனுஷன்போல வீட்டில் எல்லாவற்றையும் பழுது பார்ப்பான். மழை வருவதற்கு முன் வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். எங்களுக்கும் ருசி கண்டுவிட்டது. எதையாவது இரண்டு தடவை சொன்னால் போதும், "தோ, இதுல என்னமோ கீது" என்று வேனே பரபரக்கும்.

அந்தக் கூச்சலில் சேராதவள் கமலம் ஒருத்திதான். பட்டன் செக்‌ஷனில் வேலை. முப்பது வயதிருக்கும். கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வருவாள். ஒரு நாள் ரேணுகா, மரகதத்தின் புருஷன் கதவின் வெளித்தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டான் என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

"வெளித்தாப்பாளுக்கு மட்டும் இன்னாத்துக்கு எண்ணெ போடறான்?" என்று கடைசி சீட்டிலிருந்து குரல் வந்தது. எல்லோரும் திரும்பினோம். கமலமேதான்.

ரேணுகா பத்திரிகையைத் தாழ்த்தினாள்.

"சத்தம் வராம வெளியிலேர்ந்து தாப்பா போடறதுக்கு" என்று கமலம் தானே சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கு மேல் அன்று கதை நகரவில்லை. இறங்கும்போது ரேணுகா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "சாமுண்டி, அவன் வேலை தெரிஞ்சவன்னு காட்டத்தான் நான் அந்த வரியப் போட்டேன். நான் நெனைக்காதத அவ படிச்சிட்டா" என்றாள். கமலம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கேயும் வருவதில்லை, கம்பெனியில் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால்கூட வரமாட்டாள் என்பது அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. லீவு நாளில் புருஷன் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவான் என்று பிறகு பூங்காவனம் அக்கா விசாரித்துச் சொன்னார்.

கதை எங்கே போகிறது என்று ரேணுகாவுக்கு இப்போது தெரிந்துவிட்டது. பயமும் வந்துவிட்டது. மரகதம் வீட்டைவிட்டுப் போனால் கமலமும் போவாளோ? போய் எங்கே நிற்பாள்? அதற்குப் பயந்து இரண்டு வாரம் கதையை வேறு பக்கம் ஓட்டினாள். சீமந்தம் நடந்தது, புதுப் பட்டுப்புடவை வந்தது, வாசலில் பெரிய கோலம் போட்டார்கள்.

"ரேணு, வாயாலயே நெய்யி ஊத்தாத. கதயச் சொல்லு" என்றார் பூங்காவனம் அக்கா. "எனக்குப் படிப்பு வராது, கண்ணு நல்லாத்தான் கீது. பத்து வாரமா அட்டையில அதே பொம்பள சிரிச்சிகினு கீறா."

வேன் முழுக்கச் சிரிப்பு. பத்திரிகையில் கதை இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ரேணுகா வெட்கத்தில் பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை கமலம் வேனில் ஏறவில்லை. ஆனால் நாங்கள் எஸ்டேட்டில் இறங்கியபோது, ஒரு துணிப்பையோடு எங்களுக்கு முன்னாடியே கேட்டில் நின்றிருந்தாள். மாங்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தாளாம். அங்கே அவள் அக்கா வீடு.

ரேணுகா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "என்னாலதானா கமலம்? நான் இன்னும் முடிக்கவே இல்லியே..."

"நீ முடிக்கிற வரிக்கும் நான் ஏன்க்கா காத்துகினு இருக்கணும்?" என்றாள் கமலம். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "அவன் பண்றது தப்புன்னு எனக்கு எப்பவோ தெரியும். வெளிய சொல்லத்தான் வாய் வரல. நீ அத்தினி பேர் மின்னாடி படிச்ச பாரு, அப்பதான் அது என் தலையெழுத்து இல்லன்னு தோணுச்சு."

அந்த வாரம் புருஷன் ஒரு நாள் கேட்டுக்கு வந்து நின்றான். நாங்கள் பதிமூன்று பேரும் கமலத்தைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடந்தோம். பூங்காவனம் அக்கா டிபன் கேரியரைக் கையில் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தே அவன் ஒதுங்கிவிட்டான். மறுபடி வரவில்லை.

கமலம் வேனில் இல்லாததால், கடைசி அத்தியாயத்தை ரேணுகா கேன்டீனில் வைத்துச் சொன்னாள். கையில் பத்திரிகை இல்லை. மழை கொட்டும் ஒரு பகலில், கருவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி வெளித்தாழ்ப்பாளைத் திறக்கிறாள். மரகதம் வெளியே வருகிறாள்.

"அடிப்பாவி, அந்தக் கருவேப்பிலக்காரியா!" என்று பூங்காவனம் அக்கா மேசையைத் தட்டினார். கமலம் மோர்ச்சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அழுதாள். அவளைப் பார்த்து நாங்களும் அழுதோம்.

சில வருஷங்களில் கம்பெனி வேறு ஊருக்குப் போனது. வேனும் நின்றது. கமலம் இப்போது பூந்தமல்லியில் ஒரு தையல் யூனிட்டில் சூப்பர்வைசர். நான் முகப்பேரில் ஒரு துணிக்கடைக்கு ஷேர் ஆட்டோவில் போகிறேன். கூட வருகிறவர்கள் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். நாற்பது நிமிஷம் பதினாலு பேர் ஒரே குரலுக்குக் காது கொடுத்த அந்தக் காலைகளை இவர்களிடம் எப்படிச் சொல்வது?

ரேணுகா சேக்காட்டு வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். அவள் மகள் காவ்யா கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கிறாள். அம்மா செய்ததற்கெல்லாம் குறியீடு, முன்னுணர்த்தல் என்று பாடத்தில் பெயர் இருக்கிறது என்றாளாம். "பேரு வேற வெச்சிருக்காங்களா!" என்று ரேணுகா என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பாடத்தில் ஆசிரியர் இதை வைத்தார், அதை வைத்தார் என்று மட்டும்தான் இருக்கிறதாம். கேட்பவர்கள் எடுத்துக் கொடுத்ததைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதில் அவளுக்குச் சின்ன வருத்தம்.

போன பொங்கலுக்கு நாங்கள் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேணுகா தன் குரலில் கதையைப் பேசி அனுப்புகிறாள். இந்த வாரம் புதுக் கதை. ஒரு பெண் ஆவடி ஸ்டேஷனில் தனியாக நிற்கிறாள். கையில் இரண்டு டிக்கெட். யார் வரப்போகிறார்கள் என்று குழுவில் காலையிலிருந்து சண்டை. நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. அரிசியை ஊற வைத்துவிட்டு இரண்டாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.