தடித்த தோட்டாவுக்கு ஒரு பை

ராணுவ உடுப்புத் தையற்கூடத்தில் அவளைப் ‘பைக்காரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். காலாட்படைக்காரர்கள் மார்பில் மாட்டிக்கொள்ளும் தோட்டாப் பைகளைத் தைப்பது அவள் வேலை. கனத்த துணியை ஊசிக்கடியில் தள்ளித் தள்ளிக் கட்டைவிரல் காய்த்துப்போயிருந்தது. உள்ளே போகும் தோட்டாவைப் பற்றி அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்த வருஷம் மேலிடத்தில் சர்ச்சை கிளம்பியது. இப்போதுள்ள தோட்டா சின்னது, தூரத்தில் நிற்பவனின் கவசத்தைத் துளைப்பதில்லை, மாற்ற வேண்டும் என்றது ஒரு கட்சி. புதியது துளைக்கும்தான், ஆனால் கனம், சிப்பாயால் குறைவாகத்தான் சுமக்க முடியும் என்றது மறுகட்சி.

இரண்டு கட்சியும் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்தன. புருஷன், தோட்டாத் தொழிற்சாலையில் பழைய தோட்டாவுக்குப் பித்தளைக் கூடு அழுத்தும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன். தம்பி சிப்பாய், விடுப்பில் வந்திருந்தான்.

“புதுசு வந்தா என் மெஷினை இரும்புக்கடைக்குப் போட்டுடுவாங்க. கூடவே என்னையும்தான்,” என்றான் புருஷன்.

“நாங்க சுட்டோம் அத்தான். பட்டுச்சு, கண்ணால பார்த்தேன். விழுந்தவன் எழுந்திருச்சுத் திருப்பிச் சுட்டான். என் பக்கத்துல இருந்தவன் எழுந்திருக்கவே இல்ல.”

புருஷன் தட்டையே பார்த்தான். “என் வேலையில குறை இல்ல மாப்ள.”

“உங்களை யாரு குறை சொன்னா?”

“ரெண்டு பேரும் முதல்ல சாப்பிடுங்க. எல்லாம் ஆறிப்போகுது,” என்றாள் அவள்.

அடுத்த மாதம் புதிய தோட்டாவுக்கு மாதிரிப் பைகள் தைக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

“நீயேவா தைக்கப்போற?” என்று கேட்டான் புருஷன்.

“நான் தைக்கலன்னா பக்கத்து மெஷின்காரி தைப்பா. அவ தையல் பிரிஞ்சு போகும்.”

அந்த வாரம் முழுக்க அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பைகளை மாட்டிக்கொண்டு மலையேறும் சோதனைக்குத் தம்பி தானாகவே பெயர் கொடுத்தான். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது சுமை முன்னால் இழுக்க, கால் பிசகி முழங்கால் திரும்பிவிட்டது. பை கிழியவில்லை. மருத்துவமனைக் கட்டிலருகே வந்து கருத்துக் கேட்ட அதிகாரியிடம், “கனம்தான் சார். ஆனாலும் எனக்கு அதுதான் வேணும்,” என்றான். ஒரு கட்சி அவன் சொன்னதில் முதல் பாதியை எடுத்துக்கொண்டது, மறுகட்சி பின்பாதியை.

கடைசியில் முன்னணிப் படைகளுக்கு மட்டும் புதியது, மற்றவர்களுக்குப் பழையதே என்று முடிவாயிற்று. இயந்திரம் பிழைத்தது. தம்பியின் முழங்கால் சரியாகவில்லை. அவனைக் கம்பளி, காலணி கொடுக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். இனி எந்தத் தோட்டாவையும் அவன் சுமக்க வேண்டியதில்லை.

அவள் பார்க்கப் போனபோது, கிடங்கு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

“அத்தான் எப்படி இருக்காரு?”

“மெஷின் தப்பிச்சதுல சந்தோஷம். உன் காலை நினைச்சுக்கிட்டு அதை வெளியில காட்ட மாட்டேங்கிறாரு.”

“காட்டச் சொல்லுக்கா. யாராவது ஒருத்தராவது சந்தோஷமா இருக்கட்டும்.”

சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முழங்கால் கட்டு தளர்ந்திருந்தது. குனிந்து, அதை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டினாள்.