தெய்வானையின் திராட்சைக் குறிப்பேடு

தெய்வானையின் தம்பி தங்கராசுவின் அழைப்பு வந்தபோது ருவான்வெல்லைக் கடைத்தெருவில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. போர் முடிந்துவிட்டது என்று அறிவித்த வாரம் அது. சந்தியில் கொடி கட்டி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பாற்சோறு கொடுத்தார்கள். வாங்காமல் கடந்து போகும் தைரியம் எனக்கு இல்லை. ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மருந்துக்கடை ஓரமாக ஒதுங்கி நின்றுதான் போனை எடுத்தேன்.

"டீச்சர், அக்கா போயிட்டாங்க."

"யாரு கூட்டிட்டுப் போனா?" என்று கேட்டேன். எங்களுக்கு அப்படித்தான் பழகியிருந்தது. ஒருவர் போய்விட்டார் என்றால், கூட்டிக்கொண்டு போனவர்கள் யார் என்பதுதான் முதலில் வாயில் வரும்.

அவன் அழுதான். "ஆஸ்பத்திரில டீச்சர். எலிக்காய்ச்சலாம். கிட்னி ரெண்டும் நின்னுபோச்சு. முந்தாநேத்து வரைக்கும் சும்மா காச்சல்னுதானே நெனச்சோம்."

தெய்வானையின் கருமாதிக்கு அச்சிடும் இந்த மலரில் எழுதும்படி தங்கராசு கேட்டான். இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் அவளை அறிந்தவர்கள். சிலருக்கு அவள் விஞ்ஞான டீச்சர். சிலருக்கு வெளிநாட்டில் திராட்சையை ஆராய்ந்துவிட்டுப் பாதியில் வந்த பெண். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் மூத்தவர்களுக்கு அவள் இன்னும் இறப்பர் பால் வெட்டிய மாரியாயியின் மகள்தான். பதினேழு வருடம் அவள் பக்கத்தில் இருந்தவள் நான். உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

தொண்ணூற்றிரண்டில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் தோட்டப் பாடசாலையில் ஆசிரியைகளாகச் சேர்ந்தோம். முதல் வாரமே அவள் ஒரு சிறிய டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். இறப்பர் மரத்தில் பால் கூடுதலாக ஓடுவதற்காகப் பட்டையில் தடவும் மருந்து. "எங்கம்மா இருபது வருசமா இதத் தடவுறாங்க. இது மரத்துக்குள்ள போய் என்ன சொல்லுது, மரம் ஏன் கேக்குதுன்னு தோட்டத்துல ஒருத்தருக்கும் தெரியல. எனக்குத் தெரியணும்," என்றாள். சம்பள நாளன்று மற்றவர்கள் சேலை பார்க்கப் போவார்கள். அவள் கொழும்புக்குப் பஸ் ஏறி நூலகத்துக்குப் போவாள்.

நான்கு வருடம் கழித்து அவளுக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. அவுஸ்திரேலியாவின் தெற்கே, வைன் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஓர் ஆய்வுகூடத்துக்குப் போனாள். முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாள்: "கனகம், இங்கே திராட்சைக்கு நிறம் வருவதற்காக ஒரு மருந்து அடிக்கிறார்கள். லேபலைப் படித்தேன். அம்மா பட்டையில் தடவும் அதே மருந்து."

அவள் ஆராய்ந்தது ஒரே ஒரு விஷயத்தை. திராட்சைக் காய் பல வாரங்கள் பச்சையாக, கல்லைப்போல, புளிப்பாக இருக்கும். பிறகு ஒரு நாள் திரும்பும். காய் இளகும், சர்க்கரை வந்து இறங்கும், புளிப்புக் குறையும், நிறம் ஏறும். ஒரே குலையில் பக்கத்துப் பக்கத்துக் காய்கள்கூட வேறு வேறு நாளில் திரும்பும். அந்த நாளைத் தீர்மானிப்பது எது என்பதுதான் அவளுடைய கேள்வி. காயைக் கொடியிலிருந்து வெட்டிய கையோடு, புகை பறக்கும் குளிர்த் திரவத்தில் போட்டு உறைய வைப்பாளாம். உயிரணுவுக்குள் மரபணுக்கள் அனுப்பும் செய்திகள் அவ்வளவு சீக்கிரம் அழிந்துவிடுமாம். நம் விரல் பட்டாலே போய்விடும் என்றாள். அப்படிக் காப்பாற்றிய செய்திகளை நான்கு எழுத்துகளில் பக்கம் பக்கமாக எழுதி வைத்து, எந்த நாளில் எந்த மரபணு விழித்துக்கொள்கிறது என்று பார்ப்பாள்.

"சிவப்பு தெரியிறப்பதான் பழுக்க ஆரம்பிக்குதுன்னு நாம நெனைக்கிறோம்," என்று ஒருமுறை தொலைபேசியில் சொன்னாள். "அது கடைசியா வர்றது. உள்ளுக்குள்ள முடிவெடுத்து நாளாகியிருக்கும்."

அவள் சொன்னதை அன்று நான் திராட்சையைப் பற்றிய செய்தியாக மட்டுமே கேட்டுக்கொண்டேன்.

தொண்ணூற்றெட்டின் நடுவில், அறுவடை முடிந்து, அடுத்த பருவம் தொடங்குவதற்குள் அதுவரை பார்த்ததை எழுதுவதற்காக அவள் ஊருக்கு வந்தாள். மாரியாயிக்கு அப்போது உடம்பு சரியில்லை. விமான நிலையத்திலிருந்து கொழும்புக்குப் போய், கண்டி வீதி பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தாள். வரக்காப்பொலையில் நான் காத்திருந்தேன். அவள் சொன்ன பஸ் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. கண்டக்டரிடம் சிங்களத்தில் கேட்டேன். அவர் என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். "சோதனைச்சாவடியில் ஒரு பெண்ணை இறக்கிவிட்டார்கள்," என்று மட்டும் சொல்லிவிட்டு மணியை அடித்தார். அடுத்த பஸ்ஸும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. இருட்டுவதற்குள் நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அவள் பையில் இருந்தது ஒரு குறிப்பேடு. ஆய்வுகூடத்தில் கொடிகளுக்கு இலக்கம்தான் உண்டு. ஆனால் தனக்கென்று வைத்திருந்த குறிப்பேட்டில் அவள் ஒவ்வொரு கொடிக்கும் எங்கள் லயத்துப் பெண்களின் பெயரை வைத்திருந்தாள். "நம்பர் மறந்துபோகும், ஆளு மறக்காது" என்பாள். தமிழில் எழுதியிருந்தாள். "செல்லம்மா, அறுபதாம் நாள், இளகிவிட்டாள். நாளை வெட்ட வேண்டும்." "ராக்காயி இன்னும் திரும்பவில்லை." "பாக்கியம் தயார்." அதற்குப் பின்னால் நான்கே நான்கு ஆங்கில எழுத்துகள் மாறி மாறி நிறைந்த பக்கங்கள்.

கொழும்பில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம். அந்தக் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தவர்களின் கண்ணில் என்ன பட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். தமிழ்ப் பெண்களின் பெயர்கள், நாள் கணக்கு, வெட்டு, தயார், பிறகு சங்கேத மொழி.

மறுநாள் விடிகாலையில் லயத்துக்கு ஜீப் வந்தது. பெயர் இருந்த ஐந்து பெண்களைத் தேடினார்கள். நான்கு பேர் பிரட்டுக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக நின்றவர்கள். கையில் பால் வாளியோடு ஏற்றினார்கள். ஐந்தாவது செல்லம்மா. அவள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். கொழும்பில் தங்கும் தமிழர்களைப் பொலிஸில் பதிய வேண்டிய காலம் அது; அந்த வீட்டுக்காரர் அவளைப் பதிந்திருக்கவில்லை. குறிப்பேட்டில் பெயர் இருக்கிறது, நாளை வெட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறது, ஆள் கொழும்பில் பதிவில்லாமல் இருக்கிறாள். மூன்றாம் நாள் அவளையும் பிடித்துக் கொண்டுவந்தார்கள்.

தெய்வானை முதல் நாளே எல்லாவற்றையும் சிங்களத்தில் விளக்கியிருக்கிறாள். திராட்சைக் குலையைப் படமாக வரைந்து காட்டினாளாம். "பேர் யாரோடது?" என்று கேட்டபோது, "எங்க லயத்து ஆளுங்க. ஒரு தப்பும் அறியாதவங்க," என்று ஒவ்வொருவரையும் அடையாளம் சொன்னாள். உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று அவள் நம்பினாள். ஓர் அதிகாரி பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டாராம். "சரி. பழத்துக்கு எதுக்கு மனுசப் பேர்?"



தோட்டத்து ஆட்கள் பிடித்த வக்கீல் ஒரு வழி சொன்னார். குறிப்பேடு தன்னுடையது அல்ல, பஸ்ஸில் யாரோ பையில் போட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிடச் சொன்னார். அவள் மறுத்துவிட்டாள். "என் கையெழுத்து ஐயா. நான் கண்ணால பார்த்து எழுதுனது. இல்லன்னு சொன்னா அந்தப் பொம்பளைங்க பேரு மட்டும்தானே மிஞ்சும்?"

நான்காம் நாள் என்னையும் கூப்பிட்டார்கள். கூட வேலை செய்தவள் என்பதால். அதற்குள் குறிப்பேட்டின் பின்பக்கங்களையும் படித்து முடித்திருந்தார்கள். அங்கே "கனகம்" என்று ஒரு பெயர் இருந்தது. இது நீதானா என்றார்கள். என் மூத்தவனுக்கு அப்போது ஐந்து வயது, சின்னவள் கைக்குழந்தை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். தெய்வானையின் இருமல்தான் அது.

"எங்க பக்கம் நிறையக் கனகம் இருக்காங்க மாத்தயா," என்றேன். "அந்த டீச்சரை பாடசாலையில பார்த்திருக்கேன். மத்தபடி பழக்கமில்ல."

எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னை விட்டுவிட்டார்கள். இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. என் கணவருக்குக்கூட நான் சொன்னதில்லை.

நான்கு பெண்களும் ஒரு வாரத்தில் வந்துவிட்டார்கள். தெய்வானை மூன்று வாரத்தில் வந்தாள். செல்லம்மா வரவில்லை. ஏழு மாதம் அவளைச் சிறையில் வைத்திருந்தார்கள். தெய்வானை திரும்பிப் போக வேண்டிய நாள் வந்தது. அங்கே கொடிகள் பூத்துக் காய்த்து இன்னொரு முறை திரும்பும் பருவமும் வந்தது. திராட்சை வருடத்துக்கு ஒரு தடவைதான் பழுக்கும், அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும் என்று ஆய்வுகூடத்திலிருந்து எழுதினார்கள். அவள் போகவில்லை. பார்வையிட அனுமதிக்கும் ஒவ்வொரு நாளும் சோற்றுப் பொட்டலத்தோடு சிறை வாசலில் நின்றாள். அவளுடைய இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மிச்ச ஆய்வை அந்த ஆள் முடித்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

"கவலையா இல்லையா?" என்று கேட்டேன்.

"கொடிக்கு என்ன, நான் இல்லாட்டியும் அது பழுக்கும்," என்றாள்.

செல்லம்மா வெளியே வந்தாள். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. பால் வெட்டப் போகவும் முடியாது. தெய்வானையோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரில் வந்தால் மலைப்பாதையை விட்டு இறங்கிப் போவாள். "அவ பேசாம இருக்கிறதுதான் சரி," என்பாள் தெய்வானை. மீண்டும் பாடசாலையில் சேர்ந்தாள். பதினொரு வருடம் நானும் அவளும் ஒரே மேசையில் பகல் சோறு சாப்பிட்டோம். என் சின்னவளுக்கு அவள்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்த நான்காம் நாளைப் பற்றி நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். தெரியாமலே இருக்கட்டும் என்று ஒவ்வொரு நாளும் வேண்டிக்கொண்டேன்.

அவளைச் சுடலைக்கு எடுத்த அன்று தப்பு மேளம் அடிக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். கடைத்தெருவில் இன்னும் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. தமிழர் வீட்டில் அன்று எழும் ஒப்பாரி யாருக்காக என்று வெளியே நிற்பவர்களுக்குப் புரியவைக்க முடியாது. பெண்கள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதார்கள்.

குளிப்பாட்டும் நேரத்தில் செல்லம்மா வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். நல்ல கையால் தெய்வானையின் தலைமுடியைச் சீவி, சிக்கெடுத்து, முடிச்சிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"ஒங்க வாக்குமூலத்த அன்னிக்கே இவகிட்ட வாசிச்சுக் காட்டுனாங்க டீச்சர். நானும் பக்கத்துல இருந்தேன்."

நான் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தேன்.

"அவ என்ன சொன்னா?"

"மொத நாளு எங்க எல்லாரையும் உண்மையச் சொல்லிக் காட்டிக் குடுத்தா. அன்னிக்கு அதச் செய்யல. 'கனகம்ங்கிறது செத்துப்போன எஞ் சித்தி. இந்த டீச்சர எனக்குச் சரியாத் தெரியாது'ன்னு சொன்னா. மூணு தரம் கேட்டாங்க. அடிச்சும் கேட்டாங்க. மூணு தரமும் செத்துப்போன சித்தின்னே சொன்னா." சீப்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு அப்படி ஒரு சித்தி கெடைக்கல. அதான் இத்தன வருசம் பேசல."

பிறகு குடத்தை எடுத்து, தெய்வானையின் பாதங்களில் தண்ணீர் ஊற்றினாள்.

இவ்வளவுதான் நடந்தது. உண்மையைச் சொன்னால் ஆட்கள் தப்பிவிடுவார்கள் என்று முதல் நாள் நம்பியவள், நான்காம் நாளுக்குள் அந்த நம்பிக்கையை இழந்துவிட்டாள். இழந்த பிறகு அவளால் ஒருத்தியை மட்டுமே காப்பாற்ற முடிந்தது. அந்த ஒருத்தி, அவளைத் தெரியாது என்று அப்போதுதான் எழுதிக் கொடுத்தவள்.

அவளுடைய குறிப்பேட்டை அவர்கள் திருப்பித் தரவே இல்லை. அவளுடைய ஆராய்ச்சியும் நம்மிடம் இல்லை. அவளிடமிருந்து எனக்கென்று இருப்பது, என்னை உயிரோடு வைத்திருக்க அவள் சொன்ன அந்த ஒரு பொய். அதை வைத்துக்கொண்டுதான் இந்தப் பதினொரு வருடமும் என் பிள்ளைகளோடு வாழ்ந்தேன். இனிமேல் தெய்வானையைத் தெரியுமா என்று யார் எந்த உடையில் வந்து கேட்டாலும் நான் சொல்வேன்: தெரியும். நன்றாகத் தெரியும்.