பிளாஷ் இல்லாத கபடி

பாப்பிரெட்டிப்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருக்கும் ஆசிம் நல்ல போட்டோகிராபர். கல்யாணம் என்றால். மணமக்கள் ஓடமாட்டார்கள், கண்ணில் வெளிச்சம் அடித்தால் சண்டைக்கு வரமாட்டார்கள், சொன்ன பக்கம் திரும்புவார்கள். இதை நம்பித்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது.

போன வைகாசியில் பெண்கள் கபடிப் போட்டிக்கு அவரைக் கூப்பிட்டார்கள். கோடை மழை மைதானத்தைக் குளமாக்கிவிட்டதால் ஆட்டம் கல்யாண மண்டபத்துக்குள் வந்தது. பழகிய மண்டபம்தானே என்று தெம்பாகப் போனார். நடுவர் மாதேஸ்வரன் வாசலிலேயே சொல்லிவிட்டார்: "பிளாஷ் அடிக்கக் கூடாதுங்க பாய். புள்ளைங்களுக்குக் கண்ணு கூசும்."

பிளாஷ் இல்லாத மண்டபத்தை ஆசிம் அன்றுதான் பார்த்தார். கூரையில் இருந்தவை மலிவான எல்இடி விளக்குகள். கண்ணுக்கு நன்றாக எரிந்தன, கேமராவுக்கு விட்டுவிட்டு மினுக்கின. வேகமாக எடுத்தால் ஒரு படம் மஞ்சள், அடுத்தது பச்சை, அதற்கடுத்ததில் குறுக்கே கறுப்புப் பட்டை. நிதானமாக எடுத்தால் ஆட்டக்காரிக்கு நாலு கை. இறுதி ஆட்டம் முடியப்போகிறது, உருப்படியாக ஒரு படம் இல்லை. மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

களத்தில் ஆடிக்கொண்டிருந்த கவிப்பிரியாவின் கவலை அதைவிடப் பெரியது. பிளஸ் டூ முடித்தவள். சென்னைக் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் மணமேடை சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். எடுத்துக்கொண்டால் படிப்பு, இல்லையென்றால் திருப்பூர் பனியன் கம்பெனி என்று அம்மா நஞ்சம்மாள் முடிவாகச் சொல்லியிருந்தாள்.

புள்ளிகள் சமம். கடைசியாகப் பாடிப்போனது கவிப்பிரியாதான். ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். நடுக்கோட்டுக்கு இன்னும் ஓரடி. ஓரத்தில் மண்டியிட்டிருந்த ஆசிம், அந்த மண்டபத்தில் எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

"பொண்ணு, இங்க பாருங்க!"

பார்த்தாள். நின்று, நேராகப் பார்த்தாள். அவர் க்ளிக் செய்தார். பின்னாலிருந்து மூன்று பேர் வந்து அவளை அமுக்கினார்கள். ஆட்டம் போயிற்று. சோபாக்காரர்கள் வேறொருத்தியின் பெயரைக் குறித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

நின்றவளை எடுத்ததால் படம் பளிச்சென்று வந்திருந்தது. ஆசிம் அதைப் பெரிதாக்கி ஸ்டுடியோ வாசலில் மாட்டினார். "ஓடற புள்ளய எப்டி பாய் நிக்க வெச்சீங்க?" என்று கேட்டவர்களிடம் தொழில் ரகசியம் என்றார். அன்று ஆட்டத்தைப் பார்த்திருந்த எனக்கு அவரை அங்கேயே நாலு சாத்தலாம் போலிருந்தது.

ஆனியில் கவிப்பிரியா ஸ்டுடியோவுக்கு வந்தாள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டுமாம், பனியன் கம்பெனியில் கேட்கிறார்களாம். ஆசிமுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவசரமாக வாசல் படத்தைக் கழற்றப் போனார்.

"இருக்கட்டுங்கண்ணா, நல்லாத்தான் இருக்குது" என்றாள். கிட்டே போய் நின்று பார்த்தாள். "பின்னாடி அவங்க வர்றதுகூட இதுல தெரியுது. எனக்குத்தான் அன்னிக்குத் தெரியாமப் போச்சு."