தனி வாசல்

டவுன்டவுனில் கட்டட வரைபடம் வரையும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். போன பனி மாரியில், ஸ்கொட்லாந்தின் பழைய நகரமண்டபம் ஒன்றைக் கணினியில் வரைய வேண்டியிருந்தது. மேல்மாடியில் சபை கூடும் மண்டபம்; அதற்கு நேர்கீழே, தடித்த கற்சுவர்களுக்குள் சிறை. மேலே ஏற வெளிப்புறத்தில் கற்படிகள். சிறைக்குப் பக்கவாட்டில் தனி வாசல். உள்ளே இரண்டையும் இணைக்க ஒரு படிகூட இல்லை. மேலே போகிறவர்கள் கீழே இருப்பவரைக் காணவே தேவையில்லை.

அந்த வாசலை வரையும்போது என் கை நின்றுவிட்டது. ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில், பேஸ்மென்டில், அண்ணை இருக்கிறார். அண்ணி இறந்தபின் நான்தான் அவரைக் கூப்பிட்டு வைத்திருந்தேன். "தனி வாசல் இருக்கு, உங்கட பாட்டில இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து கீழே இறங்கும் உள்படிக் கதவை அலுமாரியால் மறைத்தவனும் நான்தான்.

அன்று மாலை கீழே போய் அவர் பக்கத்தில் இருந்தேன்.

"தனிய இருக்கிறது கஷ்டமோ, அண்ணை?"

"இல்லையடா. மேல நீங்கள் நடக்கிற சத்தம் கேக்கும். ஆர் எவடத்தில நிக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும்."

அலுமாரியை அன்றைக்கே நகர்த்தினேன். ஆனால் இந்த மாரியிலும் அண்ணை பனிக்குள்ளால் சுற்றி வந்து, முன்வாசல் மணியை அடித்துவிட்டுக் காத்து நிற்கிறார்.