படியில் வைத்த ஜாம் போத்தல்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது, முன்பின்னாக வந்தால் கோபிக்காமல் வாசியுங்கள். பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவுகிற ஆள் நான். செபமாலை சொல்லுவேன், அவ்வளவுதான். இதை வாயால் யாருக்கும் சொன்னதில்லை, நாலு பேருக்கு முன்னால் எனக்குக் குரல் வராது. நீங்கள் நம்பாவிட்டாலும் மாதா மேல் ஆணையாக நடந்தது இது.

நாங்கள் கனடாவில், மில்லிக்கன் என்கிற இடத்தில் மகன் வீட்டில் இருக்கிறோம். போன வசந்தத்தில் என் கணவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். வயிற்றில் செய்த ஒப்பரேசன் புண் ஆறிவிட்டது, ஆனாலும் எதை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார், இரண்டு கரண்டி கஞ்சிக்கே என் கையைத் தள்ளிவிடுவார். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து நிறை பார்க்கிற நேர்ஸ், அடுத்த முறை இன்னும் குறைந்திருந்தால் ஆஸ்பத்திரியில் வைத்துக் குழாய் போட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். "குழாய் போட விடாதையப்பா" என்று இவர் என் கையைப் பிடித்தார். கலியாணம் செய்து இத்தனை வருடத்தில் இவர் என்னிடம் கெஞ்சினது அந்த ஒரு தரம்தான்.

அந்த வாரம் புதன்கிழமை, பின்வளவில் தக்காளிக்குப் பாத்தி கொத்தினேன். அடுத்த வீட்டுக் குணம் அண்ணை முந்திப் பஸ் ஓட்டினவர், பென்சன் எடுத்த பிறகு மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு யார் வீட்டில் மண் கொத்தினாலும் வந்துவிடுவார்.

"தங்கச்சி, உந்தப் பாத்தியை ஒருக்கால் பாக்கட்டோ? புதையல் வந்தால் பாதி உனக்கு."

"போன வருசத்துப் பாதியே இன்னும் வரேல்லை அண்ணை."

"அது பியர் மூடி. வேணுமெண்டால் கொண்டுவந்து தாறன்."

மூன்று ஆணி வந்தது, பிறகு இங்கத்தைய இருபத்தைந்து சதக் காசளவில் வட்டமாக ஒன்று, ஒரே மண்ணும் பச்சைக் களிம்பும். நடுவில் ஒன்று என்ற இலக்கம் மட்டும் தெரிந்தது. "உது பழைய பஸ் டோக்கன். பஸ் ஓட்டினவனுக்குத் தெரியாதே?" என்று பெருமையாகச் சொன்னார். அதற்குள் அவருடைய மகள் போனில் கூப்பிட, அதை என் கையில் தந்துவிட்டு, "கழுவிப்போடாதை! பழைய சாமானைக் கழுவினால் மதிப்புப் போயிடும்" என்று ஓடினார்.

நான் கழுவிவிட்டேன். ஊத்தையோடு ஒரு சாமானை வைத்திருக்க என்னால் முடியாது. கோயில் மெழுகுதிரித் தண்டுகளுக்குச் செய்கிற மாதிரிப் பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன், பித்தளை பளிச்சென்று வந்தது, சுற்றிவர இங்கிலிஸ் எழுத்துகள். தனித்தனியாகத் தெரியும், சேர்த்து வாசிக்க வராது. அதனால் சின்ன வகுப்பில் சதக்காசுக்குச் செய்வது போல, கலண்டர் தாளை அதன் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எழுத்தைப் பிடித்துக்கொண்டேன். டோக்கனைக் கழுவின ஜாம் போத்தல் ஒன்றுக்குள் போட்டுக் காயட்டும் என்று பின்படியில் வைத்தேன். இவர் உள்ளே இருமினார், ஓடிப்போனேன், பிறகு மறந்துபோனேன்.

விடிய முன்னம் முழிப்பு வந்தது. பின்பக்கம் போத்தலும் போத்தலும் முட்டுகிற சத்தம், பிறகு பெரிய மிருகம் ஏதோ மூக்கால் மூச்சு விடுகிற மாதிரி. வெறும் போத்தல் போடுகிற நீலப் பெட்டிக்குள் குப்பை கிளறுகிற ரக்கூன் வந்துவிட்டது என்று திரும்பிப் படுத்தேன். வெளிச்சம் வந்த பிறகு கதவைத் திறந்தால், வைத்த இடத்தில் ஜாம் போத்தல், கழுத்து வரை பால், மேலே மஞ்சளாக ஆடை. டோக்கன் இல்லை.

நான் பயப்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் பால் பை முதல் நாள் முடிந்திருந்தது, அதை வேலிக்கு மேலால் குணம் அண்ணையின் மனைவிக்குச் சொல்லியும் இருந்தேன். கறிவேப்பிலை, முருங்கைக்காய் எது என்றாலும் அவர் அந்தப் படியில்தான் வைத்துவிட்டுப் போவார். அண்ணை டோக்கனை எடுத்திருப்பார், அக்கா பால் ஊற்றியிருப்பார் என்று நினைத்து, அதில் கொஞ்சம் ஊற்றிக் காய்ச்சினேன்.

"என்ன வாசம் உது?" என்று அறைக்குள்ளிருந்து இவர் கேட்டார்.

"பால்."

"தா."

இவர் தேத்தண்ணி குடிக்கிற பேணியில் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, "இன்னும் இருக்கோ?" என்றார். அவசரப்பட்டு ஊற்றினதில் அடுப்பில் கொஞ்சம் ஊற்றுப்பட்டது. இன்னொரு பேணி குடித்தார். எனக்குத் தேத்தண்ணிக்கு ஊற்றினேன். மத்தியானம் பாலில் கஞ்சி வைத்தேன், அதையும் கோப்பை வழித்துச் சாப்பிட்டார். இரவு சோறு கேட்டார். வெள்ளிக்கிழமை நேர்ஸ் தராசை இரண்டு தரம் பார்த்துவிட்டு, குறையவில்லை, குழாய்க் கதையை இப்போதைக்கு விடுவோம் என்றார்.

அன்று பின்னேரம் குணம் அண்ணை வந்தார். "எங்கை என்ர டோக்கன்?"

"நீங்கள் எடுக்கேல்லையோ? அக்கா தந்த பாலுக்கும் நன்றி சொல்லுங்கோ."

"என்ன பால்? எனக்குச் சீனி வருத்தமெண்டு அவள் ஒரு மாசமா பாதாம் பாலெல்லோ தாறாள். மாட்டுப்பால் எங்கட வாசல் படி மிதிக்கேல்லை."

கலண்டர் தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "பஸ் டோக்கன் இல்லைத் தங்கச்சி. 'ஒரு குவார்ட் பாலுக்குச் செல்லும்' எண்டு கிடக்கு." பிறகு போனில் நெடுநேரம் தேடிப் பார்த்துச் சொன்னார், அந்தக் காலத்தில் பால் கொம்பனியில் இதை முன்கூட்டி வாங்கி, இரவில் வெறும் போத்தலுக்குள் போட்டு வாசல் படியில் வைப்பார்களாம், விடிய முன்னம் பால்காரன் குதிரை வண்டியில் வந்து டோக்கனை எடுத்துக்கொண்டு பாலை வைத்துவிட்டுப் போவானாம். நான் போத்தலில் போட்டுப் படியில் வைத்ததை அதுவரை அவருக்குச் சொல்லவே இல்லை. இன்றுவரை சொல்லவில்லை.

"ஒரு குவார்ட் எவ்வளவு அண்ணை?" என்று மட்டும் கேட்டேன்.

"லீட்டருக்குக் கொஞ்சம் கூட."

அவர் போன பிறகு அந்த ஜாம் போத்தலில் இவருடைய பேணியால் தண்ணீர் அளந்து ஊற்றினேன். ஒன்றரைப் பேணியோடு வழிந்தது. வியாழக்கிழமை நான் ஊற்றினதை விரலில் எண்ணினேன். இவருக்கு இரண்டு, தேத்தண்ணிக்கு ஒன்று, கஞ்சிக்கு இரண்டு. எல்லாம் அதே போத்தலிலிருந்து. மகன் புதுப் பால் பை வாங்கி வந்தது அன்று இரவுதான். ஊற்றும்போது நான் போத்தலைப் பார்க்கவில்லை, இவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து அப்பம் ஐயாயிரம் பேருக்குப் போதுமாக இருந்தது என்று பூசையில் கேட்கும்போது நம்பத்தான் செய்தேன். என் குசினி அடுப்படியில் என்றால் வேறு மாதிரி இருக்கிறது.

இவர் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார். பால் கொடுத்தால் மட்டும், "அன்றைக்குத் தந்த பால் இல்லை இது" என்கிறார். கலண்டர் தாள் என் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. எங்கள் பக்கம் முந்தி வெறும் பண்ணை நிலமாம், பண்ணைக்காரர் வீட்டுக்குப் பால்காரன் எதற்கு வந்தான் என்பதும் எனக்கு விளங்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது தயவுசெய்து இதையெல்லாம் சரிபார்த்துத் தாருங்கள். அந்தக் காலத்து ஒரு குவார்ட்டில் எத்தனை பேணி என்றும் பாருங்கள், எங்கள் பேணி அளவுக் கப்பில் எட்டு அவுன்ஸ் கோட்டுக்கு மட்டாகச் சரி. நான் ஊற்றின அதே ஐந்து என்று வந்தால் மகனிடம் சொல்லுங்கள், எனக்குச் சொல்ல வேண்டாம்.