விசா வரும்வரை கடைவீதி

கிஷ் தீவுக்குப் போகிறேன் என்று சொன்னபோது, பர் துபாயில் எங்கள் கட்டடத்தில் ஒருத்திகூட ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரி குங்குமப்பூ கேட்டாள். மேல்மாடிக்காரி, "அங்க கம்பளி சல்லிசா கிடைக்குமாமே, புலி படம் போட்டது ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க" என்றாள். இரண்டாயிரத்துகளில் துபாயில் இருந்தவர்களுக்கு கிஷ் என்றால் விசா மாற்றும் இடம். ஈரானுக்குச் சொந்தமான சின்னத் தீவு. விமானத்தில் ஏறி பெல்ட் போட்டுக் கழற்றினால் வந்துவிடும். பழைய விசா முடிந்தவர்கள் அங்கே போய் உட்கார்ந்திருப்பார்கள். புது விசாவின் நகல் ஹோட்டலுக்கு வந்ததும் திரும்புவார்கள். காத்திருக்கிற நேரத்தில் வேறென்ன செய்வது? கடை கடையாக ஏறி இறங்குவார்கள். அதனால் எங்கள் ஆட்களுக்கு அது ஏதோ டூர் மாதிரி ஆகிப்போயிருந்தது.

என் கணவர் கம்பெனி மாறியதில் என் விசாவும் ரத்தாகிவிட்டது. புதுக் கம்பெனியில் குடும்ப விசா கிடைக்கும்வரை நான் வெளியே போய் விசிட் விசாவில் திரும்பி வர வேண்டும். மகன் அப்போது கைக்குழந்தை. முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தான். துபாயில் பிறந்தவன், அவனுக்கு இன்னும் பாஸ்போர்ட்டே வரவில்லை. கூட்டிக்கொண்டு போக வழியில்லை. "காலையில போயிட்டு சாயங்காலம் வந்துரலாம் மேடம். ஷாப்பிங் பண்ணத்தான் டைம் பத்தாது" என்று ஏஜென்ட் பல்லைக் காட்டினான். அந்தப் பல்லை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மகன் பாட்டிலைத் தொடமாட்டான். ரப்பர் உதட்டில் பட்டாலே துப்பிவிடுவான். ஒரு பகல்தானே, பசித்தால் தானாகக் குடிப்பான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பெற்றவளுக்குத் தெரியாதது ஊருக்குத் தெரியும்! கணவர் லீவு போட்டுக்கொண்டு குழந்தையோடு வீட்டில் இருந்தார். விடியற்காலையில் கடைசியாக ஒரு முறை பால் கொடுத்துவிட்டு, தூங்குகிறவனைப் பார்த்துக்கொண்டே செருப்பைப் போட்டேன்.

விமானத்தில் பக்கத்து சீட்டில் கீழக்கரை அக்கா ஒருவர். துபாயில் தன் மகன் வீட்டில் தங்குவதற்காக இப்படிப் போய்ப் போய் வருகிறவர், தீவு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஹோட்டலில் பெயரைக் கொடுத்ததும் என் கையைப் பிடித்தார். "ரூம்ல உக்காந்தா பைத்தியம் புடிச்சிரும் தங்கச்சி. வா, கடைக்குப் போவோம்."

போனேன். வேறு வழி? குங்குமப்பூவை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். புலிக் கம்பளியை விரித்துக் காட்டச் சொல்லி, புலியின் மீசை கோணலாக இருக்கிறதென்று கடைக்காரனோடு சண்டை போட்டேன். கோபத்தை யார் மேலாவது காட்ட வேண்டியிருந்தது. தள்ளுவண்டி ஒன்றில் பெரிய மொச்சை மாதிரி ஒரு பயறை வேகவைத்து, வினிகர் தெளித்து மிளகாய்த்தூள் தூவி விற்றார்கள். அக்கா வாங்கித் தந்தார். நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

பூத்திலிருந்து போன் செய்தேன். கணவர் ஹலோ சொல்வதற்கு முன்பே அழுகைதான் காதில் விழுந்தது.

"குடிச்சானா?"

"குடிக்க மாட்டேங்கான். வாயில வச்சா துப்புதான். விடியக்கால நீ குடுத்ததுதான் வயித்துல."

"கரண்டியில குடுத்துப் பாருங்க. சங்குல குடுத்துப் பாருங்க."

"எல்லாம் பாத்தாச்சு. தொண்ட கட்டிப்போச்சு பிள்ளைக்கு. நீ எப்ப வருத?"

அழுகை காதில் கேட்டதும் என் மார்பில் பால் தானாக இறங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தேன். அங்கே அவன் பசியில் கத்துகிறான், இங்கே என் சுடிதார் நனைகிறது. நடுவில் இத்தனூண்டு கடல். அதைத் தாண்ட ஒரு காகிதம் வேண்டும். என் வாழ்க்கையில் அவ்வளவு கையாலாகாதவளாக நான் அதற்குமுன் நின்றதில்லை.

மதியம் ஹோட்டலுக்கு ஓடினோம். விசா வரவில்லை. திரும்பவும் கடைவீதி. செப்புத் தட்டில் நீல வண்ணத்தால் பூ வரைந்துகொண்டிருந்த ஆளைச் சுற்றிக் கூட்டம் நின்றது. அவன் ஒரு இதழை முடிக்கிறவரை நானும் நின்றேன், நேரம் போக வேண்டுமே. அதற்கு அடுத்த கடையில் ஒரு பெண் மடியில் திண்டு வைத்து, நூல்கண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு வெள்ளி ஜரிகை பின்னிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, துப்பட்டாவின் ஈரத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை புரியாத பாஷையில் ஏதோ கேட்டு, கைகளால் தொட்டில் ஆட்டிக் காட்டினாள். நான் துபாய் இருக்கும் திசை எதுவென்றுகூடத் தெரியாமல் கடலைக் காட்டினேன்.

கடைக்குப் பின்னால் திரையை இழுத்து மூடி, ஒரு கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். கல்லாகக் கட்டிப்போயிருந்த மார்பைப் பிழிந்தேன். வலியில் கண்ணீர் வந்தது, வலியில் மட்டும்தானா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நிறைந்த கிண்ணத்தை அவள் வாங்கி வாசலிலிருந்த பூச்செடிக்கு ஊற்றினாள். பிறகு வெகு சாதாரணமாக ஜரிகையை என் முன்னால் விரித்து விரல்களால் விலை சொன்னாள். பேரம் பேசாமல் ஒரு முழம் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் ரிசப்ஷனில் இருந்தவன் இந்தியில் சொன்னான். "ஆஜ் நஹி ஆயா மேடம். கல் ஜும்மா, சுட்டி." இன்று வரவில்லை, நாளை வெள்ளிக்கிழமை, ஆபீஸ் கிடையாது. நான் அவன் மேஜையைப் பிடித்துக்கொண்டு தமிழில் கத்தினேன். "எம்பிள்ள பட்டினி கெடக்குடா!" அவனுக்கு என்ன புரிந்ததோ, ஹோட்டல் போனை எடுத்து என் பக்கம் தள்ளினான்.

இந்தத் தடவை மறுமுனையில் அழுகைச் சத்தமே இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

"என்ன ஆச்சு? ஏன் சத்தத்தக் காணும்?"

"குடிச்சிட்டான்!" கணவர் அடிக்குரலில் சொன்னார். "ஒரு பாட்டிலு. முழுசும். இப்பத்தான் தூங்குதான்."

பகலெல்லாம் எத்தனை சாமியைக் கூப்பிட்டேனோ, எல்லாச் சாமியும் கேட்டிருந்தன. "நல்லதாப் போச்சு" என்றேன். அக்கா அல்ஹம்துலில்லாஹ் என்று என் முதுகைத் தடவினார். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அவர் நினைத்திருப்பார். பாதி அதுதான். மீதிப் பாதியைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

விசா வந்துசேர மேலும் சில நாட்கள் ஆயின. பால் வற்றி மார்பு ஒவ்வொரு நாளாகத் தளர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் வீட்டுக்கு வந்து, கம்பளியையும் குங்குமப்பூவையும் வாசலிலேயே போட்டுவிட்டு அவனை வாரி எடுத்தேன். சிரித்தான். அடையாளம் தெரிந்துதான் சிரித்தான். மடியில் கிடத்தி மார்பைக் கொடுத்தேன். வாயை வைத்தான், இரண்டு இழுப்பு இழுத்தான். பிறகு முகத்தைத் திருப்பி, அடுக்களையில் பாட்டிலை ஆற்றிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து அழ ஆரம்பித்தான்.